ஏன் 36 செல்? சோலார் பேனலும் பேட்டரியும் சேர்ந்து வந்த கதை



மொட்டை மாடியில் சோலார் போடுவது பற்றி வரும் பொதுக்குழுவில் பேச இருக்கிறோம். அதற்குள் மேல்தளத்தில் சிலர், "வீட்டில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது விற்கும் பெரிய பேனல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போதாது என்பதற்கான காரணம், இந்த மூன்று சாமான்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்குப் பிறந்தவை என்பது. நான் காமர்ஸ் படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனால் 35 வருஷம் பாங்கில் வரவையும் செலவையும் டாலி பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு புரியாத கணக்கு அல்ல.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சோலார் செல்லை உலகத்துக்குக் காட்டியது. சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவரின் வேலை. விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சோலார் பேட்டரி'. பெயரில்தான் பேட்டரி, ஒரு சொட்டு மின்சாரத்தைக்கூட அது சேமித்து வைக்காது. மறு வருஷம் அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊரில், கிராமத்துத் தொலைபேசி லைனுக்காக 432 செல்களைக் கம்பத்தின்மேல் ஏற்றினார்கள். பகலில் மிஞ்சியது ஒரு சேமிப்பு பேட்டரிக்குப் போனது, இரவில் அதிலிருந்து லைன் ஓடியது. நம் வீட்டு சோலாருக்குக் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம். வேலை நன்றாகவே செய்தது. விலை கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார்கள்.

1958இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் போனது. அதிலிருந்த சாதாரண பேட்டரி சில வாரங்களில் தீர்ந்துவிட, சோலார் செல்லில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் 1964 வரை பேசியது. 1973 வாக்கில் எலியட் பெர்மன் என்பவர் வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலையை 20 டாலருக்கு இறக்கினார். அதன் பிறகுதான் கடலில் எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு சோலார் வந்தது.

அந்தக் காலத்து பேனல்களெல்லாம் ஒரே எஜமானுக்கு வேலை செய்தன: 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. கார்களின் புண்ணியத்தில் உலகெங்கும் கிடைத்தது அதுதான். அதற்குள் ஆறு அறை, அறைக்கு 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அது முழுதாக நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் தள்ள வேண்டும். ஒரு சோலார் செல் வேலை செய்யும்போது கொடுப்பது சுமார் அரை வோல்ட். அப்படியானால் 28 செல் போதுமே என்று தோன்றும். போதாது. வெயிலில் செல் சூடேறச் சூடேற வோல்ட் இறங்கும். இது பலருக்கும் ஆச்சரியமான விஷயம். ஆகவே 36 செல்லைக் கோத்து 18 வோல்ட் வைத்தார்கள். சுட்டெரிக்கும் மாடியில் அது 15, 16 ஆகக் குறைந்தாலும் பேட்டரி நிரம்பும். 1980களில் 30, 33 செல்லோடு நிறுத்தி, "கன்ட்ரோலரே வேண்டாம்" என்று விற்ற பேனல்களும் உண்டு. வெயில் ஊர்களில் அவை பேட்டரியை அரைவயிற்றோடு விட்டன.

நம் நாட்டில் சாகிபாபாத்தில் உள்ள மத்திய அரசின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் முதல் சோலார் செல்லைச் செய்தது. பிறகு கிராமத் தெருக்களில் வந்த சோலார் விளக்குகளை நினைத்துப் பாருங்கள்: ஒரு பேனல், ஒரு பேட்டரி, ஒரு விளக்கு. அளவு பார்த்துச் செய்த ஜோடி.

இந்த ஜோடியைப் பிரித்தது ஜெர்மனி. 1990இல் ஆயிரம் கூரைத் திட்டம், 2000இல் 20 வருஷத்துக்கு நிலையான விலை தரும் சட்டம். கூரையின் மின்சாரம் நேராக அரசு லைனுக்குப் போயிற்று. நடுவில் பேட்டரி கிடையாது, ஆகவே 12 வோல்ட்டுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமும் இல்லை. பேனல்கள் 60 செல், 72 செல் என்று வளர்ந்தன. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் அந்த வம்சம். அது சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தருகிறது.

நம் வீட்டு இன்வெர்ட்டரோ வேறு வம்சம். 2012இல் சென்னையில் தினம் 2 மணி நேரமும் மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கும் மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்கு வீடு வந்தது அது. எப்போதாவது கரண்ட் போனால் ஃபேன் ஓட்டவே அந்த 150 ஏ.ஹெச். பேட்டரி. அதன் கொள்ளளவைப் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் காலியாகும் கணக்கில் எழுதியிருப்பார்கள். தினமும் நிரம்பித் தினமும் காலியாக வேண்டிய சோலார் பேட்டரிக்கு 10 மணி நேரக் கணக்கு. எண் ஒன்றே என்றாலும் சரக்கு ஒன்றல்ல.

இப்போது டாலி பாருங்கள். பி.டபிள்யூ.எம். என்ற மலிவு கன்ட்ரோலர் பேனலின் ஆம்பியரை மட்டும் கடத்தும். வோல்ட்டைப் பேட்டரி அளவுக்கு அமுக்கிவிடும். 540 வாட் பேனலின் 13 ஆம்பியர், 13 வோல்ட்டில், சுமார் 170 வாட். மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம். அத்தனை வோல்ட் தாங்காத கன்ட்ரோலராக இருந்தால் கருகியும் போகும். சரி, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்குகிறேன் என்பீர்கள். அது வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும், நல்ல சாதனம். ஆனால் அப்போது 40 ஆம்பியர் வரை பேட்டரிக்குள் போகும். 150 ஏ.ஹெச். பேட்டரிக்கு 15, 20 ஆம்பியர்தான் சுகம். மிஞ்சினால் கொதித்து டிஸ்டில்ட் வாட்டரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றை பேட்டரிக்குப் பழைய 36 செல், 100 வாட் பேனல் இரண்டோ மூன்றோ பக்கவாட்டில் இணைத்தாலே பொருத்தம். வாட்டுக்கு விலை கூடுதல்தான். ஆனாலும் எனக்கு அதுவே கட்டுப்படியாகத் தெரிகிறது.

சங்கத்துக்குப் போடப்போவது ஜெர்மன் வழி, அரசு லைனோடு சேர்ந்தது. 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு பில் குறையும். ஆனால் பேட்டரி இல்லாத இந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் பேனல் பளபளத்தாலும் மின்வெட்டில் லிஃப்ட் ஓடாது. சோலார் வந்துவிட்டதே என்று ஜெனரேட்டரின் பராமரிப்பு ஒப்பந்தத்தை இந்த வருஷம் ரத்து செய்யச் சொல்லும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.