கடல் பிரித்த அணில்

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவில்லிபுத்தூர். அவ்வூரையடுத்த மலையடிவாரத்து ஓடைக்கரை மரங்களில், சாம்பல் நிற அணில் என்னும் பெரிய அணில் வாழ்கிறது. வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப்போல் இதற்கு முதுகில் மூன்று கோடுகள் இல்லை. வாலையும் சேர்த்தால் நீளம் ஏறக்குறைய முக்கால் மீட்டர்.

இவ்வணிலை 1769ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் தாமஸ் பென்னன்ட் என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞர். ஆனால் அவர் விவரித்தது நம் ஊர் அணிலை அன்று, இலங்கை அணிலை! பின்னர் 1915இல் ஓல்டுஃபீல்டு தாமஸ், ராட்டன் என்னும் இருவர் இவ்வினத்தின் ஒரு துணையினத்துக்குப் பெயரிட்டனர். தமிழகத்து அணிலும் இலங்கையின் வறண்ட பகுதியில் வாழும் அணிலும் அந்த ஒரே துணையினத்தில் அடங்குகின்றன.

மரத்தைவிட்டுத் தரையில் இறங்கவே தயங்கும் பிராணி இது. இடையிலுள்ள கடலை இது எப்படிக் கடந்தது?

கடக்கவில்லை என்பதே விடை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மீது பனியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதியோ 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. ஆகவே அன்று அது தரையாகவே இருந்தது. விலங்குகளும் தாவரங்களும் இரு புறமும் பரவ வழியிருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபின் உறவினர் இரு கரைகளிலும் பிரிந்தனர்.

சரி, தமிழகத்தில் இது ஏன் எங்கும் காணப்படவில்லை? இதற்கு மலையைக் கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறும்போது விரிந்து குளிர்கிறது. ஈரத்தைக் கேரளப் பக்கம் மழையாகக் கொட்டிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கூடும். இதனால்தான் மதுரைச் சமவெளி மழைமறைவுப் பிரதேசமாயிற்று. ஆண்டு மழை சுமார் 85 சென்டிமீட்டரே. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை தருவது.

வறண்ட நிலத்தில் உயர்ந்த மரங்கள் அடர்ந்து நிற்பது ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலுந்தான். கிளையோடு கிளை பின்னிய அந்தப் பசுமைக் கோடுதான் சாம்பல் நிற அணிலின் நாடு. மலையின் ஈரமான உயரங்களில் வாழ்வது வேறோர் இனமாகிய மலபார் அணில். சாம்பல் நிற அணில் காணப்படும் மற்ற இடங்களைப் பாருங்கள்: மழைமறைவிலுள்ள சின்னாறு, காவிரிக்கரைக் காடுகள். அங்கும் அதே வறட்சி, அதே கரைமரங்கள்!

இப்பகுதி 1988இல் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் இணைந்தது. ஆயினும் ஓடைக்கரையில் நாலு மரங்களை வெட்டினால், மனிதனுக்கு அது சிறு இடைவெளி. அணிலுக்கோ அது இன்னொரு பாக் நீரிணை. இக்காப்பகத்து வருசநாட்டு மலைகளில்தான் மதுரையின் தாகம் தீர்க்கும் வைகையும் பிறக்கிறது. அணிலின் காடு அழிந்தால் இழப்பு அணிலுக்கு மட்டுமா? எண்ணிப் பாருங்கள்.