நாலு மாணவர்களும் ஒரு வாடகைத் தொழிலும்

கம்ப்யூட்டர் படித்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனாலும் ஓர் இணையதளம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் பலரும் கொஞ்சம் முழிப்போம். அது ஆகாயத்தில் இல்லை ஐயா! எங்கோ ஒரு கட்டிடத்தில், இரவு பகலாக ஓடும் ஒரு சர்வரில் வாடகைக்கு இருக்கிறது. அந்த வாடகைத் தொழிலுக்குத்தான் வெப் ஹோஸ்டிங் என்று பெயர். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் அதில் இறங்கி நிலைத்த கதை நம் மலருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட் என்று ஒரு சிறு நகரம். அங்குள்ள ஹார்வி மட் கல்லூரியில் அந்நாளில் ஆயிரம் மாணவர்கள்கூடக் கிடையாது. 1996-இல் அங்கு படித்துக்கொண்டிருந்த டல்லாஸ் பெத்யூன், ஜோஷ் ஜோன்ஸ், மைக்கேல் ரோட்ரிகஸ், சேஜ் வைல் ஆகிய நால்வரும் தொடங்கியதே ட்ரீம்ஹோஸ்ட். 1997 முதல் பிறருடைய தளங்களுக்கு இடம் கொடுக்கலானார்கள். ஒரே சர்வரில் பல தளங்களைக் குடிவைத்தால் ஆளுக்கு வாடகை குறையும். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனக் கணக்குதான்!

அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் இலவசமாகவே இடம் கொடுத்தது. 1999-இல் யாஹூ அதைப் பல நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2009-இல் அமெரிக்காவில் மூடியும் விட்டது. லட்சக்கணக்கானோர் ஆசையாய்க் கட்டிய பக்கங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. வாடகை வாங்காத வீட்டுக்காரரிடம் எதைக் கேட்பது?

2006-இல் பெரிய அலை ஒன்று வந்தது. அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் உபயோகித்த அளவுக்குக் காசு என்று விற்கத் தொடங்கியது. சின்னக் கடைகளுக்கு வயிற்றைக் கலக்கிய சமாச்சாரம். ட்ரீம்ஹோஸ்ட் தாக்குப்பிடித்ததில் சேஜ் வைலின் படிப்புக்கும் ஒரு பங்குண்டு. சாண்டா குரூஸில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சியில் பிறந்தது 'செஃப்' என்ற மென்பொருள். பல சாதாரண இயந்திரங்களை இணைத்து ஒரே பெரிய களஞ்சியமாக்கும். ஒன்று பழுதானாலும் சரக்கு போகாது. ட்ரீம்ஹோஸ்ட் அதை வளர்த்தெடுத்து, 2012-இல் இங்க்டேங்க் என்று தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2014-இல் ரெட் ஹேட் அதை 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வுக்கூடமும் செஃப்பைப் பயன்படுத்துகிறது. தீசிஸ் என்றாலே பீரோவில் தூங்குவது என்று நினைக்கும் இளைய மாணவர்கள் கவனிக்க!

சறுக்கல்களும் உண்டு. 2008 ஜனவரியில் கட்டண வசூலை மறுபடி ஓட்டும்போது, தேதியில் 2007 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 2008 என்று அடித்துவிட்டார்கள். வராத மாதங்களுக்கெல்லாம் சேர்த்து, சுமார் 75 லட்சம் டாலர் வாடிக்கையாளர் கணக்குகளில் கூடுதலாக ஏறியது. நடந்ததை உடனே ஒளிக்காமல் எழுதினார்கள், ஆனால் கேலித் தொனியில். பணம் போனவனுக்குச் சிரிப்பு வருமா? கோபம் கூடியதுதான் மிச்சம். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்தது 2017-இல். அந்த ஆண்டு அதிபர் பதவியேற்பை எதிர்த்துப் போராட்டம் நடத்தியவர்களின் தளம் ஒன்று இவர்களிடம் குடியிருந்தது. அமெரிக்க நீதித்துறை அதன் விவரம் முழுவதையும் கேட்டது. கொடுத்தால் 13 லட்சம் பார்வையாளர்களின் இணைய முகவரிகளும் போய்விடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அதில் அடக்கம்! பேசாமல் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். வாடகை மாதம் சில டாலர்தானே. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் அரசு தன் கோரிக்கையைக் குறுக்கிக்கொண்டது. சும்மா வந்து பார்த்துப் போனவர்களின் அடையாளங்களை மறைத்தே விவரம் தரலாம் என்று அக்டோபரில் நீதிபதி உத்தரவிட்டார்.