ஒரு ஆளுக்கு எத்தனை பேருங்க?

ஊர் மன்னார்குடி, இப்போ ஜாகை ஸ்ரீராம்புரம், வேலை பேங்க்ல. ஆதார்ல ஒரு மாதிரி, பான் கார்டுல வேற மாதிரின்னு பேர் இருந்தா படிவத்தைத் திருப்பித் தர்ற ஆள் நான்தான். ஆனா எனக்கே மூணு ஈமெயில் ஐடி! ஆபீசுக்கு ஒன்னு, வீட்டுக்கு ஒன்னு, இப்படி எழுதுறதுக்கு ஒன்னு. போன வாரம் மேனேஜர் என் பதிவு ஒன்னைப் படிச்சுட்டு, பக்கத்து சீட் பையன்தான் எழுதுறான்னு முடிவு கட்டிட்டார். நான் வாயைத் திறக்கலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்'னு கம்ப்யூட்டர் சொல்லுது இல்லையா, அது தமிழ்ல அறுபதுகளிலேயே நடந்தாச்சு. எஸ். ரங்கராஜன் எழுத வந்தப்போ குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம்னு மனைவி பேரை எடுத்துக்கிட்டார்: சுஜாதா. பிற்பாடு நம்ம ஜாலஹள்ளி பக்கம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இருந்துக்கிட்டு, ஓட்டு மெஷின் உருவாக்கினதிலும் பங்கு. அவரே கணையாழி கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.'

வேடிக்கை என்னன்னா, பேரைப் பிடிச்சு வெச்சிருந்த ரா.கி.ர. அதில் மட்டும் இருக்கலை. சூர்யா, கிருஷ்ணகுமார், மாலதி, ஹம்சா, முள்றி... இன்னும் உண்டு. திகில் கதைக்கு ஒருத்தர், நையாண்டிக்கு ஒருத்தர். ஒரே இதழ்ல நாலு இடத்தில் ஒரே பேர் வந்தா வாசகருக்கு அலுக்காதா? கல்கியும் விகடன்ல சங்கீத விமர்சனத்துக்கு 'கர்நாடகம்'னு பேர் வெச்சுக்கிட்டார். (இங்கே இருந்துக்கிட்டு அதைப் படிச்சா சிரிப்பு வருது.)

இதெல்லாம் சௌகரியத்துக்கு. பயத்துக்கு வெச்ச ஏற்பாடு வேற. பாரதி ஷெல்லிதாசன், காளிதாசன்னு பல பேர்ல எழுதினவர். ஆனா 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மேல ராஜதுரோக வழக்கு வந்தப்போ போலீஸ் பார்த்தது பதிவேட்டை. அதில் ஆசிரியர்னு இருந்தது எம். சீனிவாசன். ஜெயிலுக்குப் போனவர் அவர். பாரதி பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பத்து வருஷம்.

பேங்க்ல இருக்கறவனுக்கு இது சட்னு புரியும். யார் கையெழுத்தோ அவங்க தலைதான். பாரதியைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. அது கொடுமையான காலம். சீனிவாசனைப் பத்தித்தான் ரெண்டு நாளா யோசனை.

பக்கத்து சீட் பையனுக்கு அடுத்த மாசம் புரமோஷன் இன்டர்வியூ. திங்கட்கிழமை முதல் வேலையா மேனேஜர் கேபினுக்குப் போறேன்.