நிமிர்ந்த வீணையின் சாட்சி

லண்டன் ராயல் அகாடமியின் 1777ஆம் ஆண்டுக் கண்காட்சியில் தாமஸ் கெய்ன்ஸ்பரோ தம் நண்பரின் உருவப்படம் ஒன்றை வைத்தார். வயலா ட காம்பா என்னும் தந்தி வாத்திய வித்வான் கார்ல் பிரீட்ரிக் ஆபெல் அதில் கச்சேரி செய்யவில்லை. மேசையருகே அமர்ந்து இசை எழுதுகிறார். வாத்தியம் அவர் தொடையில் சாய்ந்திருக்கிறது. மேசைக்கடியில் நாய் படுத்திருக்கிறது. 1787இல் ஆபெல் மறைந்தார். அந்த வாத்தியமும் வழக்கொழிந்தது. வித்வானும் வாத்தியமும் பழகிய விதத்துக்கு அந்த ஓவியம் சாட்சியாக நிற்கிறது. அதே நூற்றாண்டில் பிறந்தவர்கள்தாம் நம் சங்கீத மும்மூர்த்திகள். ஆனால் தஞ்சையின் கம்பெனி பாணி ஓவியர்கள் மனிதர்களைச் சாதி, தொழில் வாரியாகவே பெரும்பாலும் வரைந்தார்கள். தனி மனிதரின் பெயரும் முகமும் அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. இன்று சபாக்களில் மாலை சூட்டப்படும் மும்மூர்த்திகள் படம், இருபதாம் நூற்றாண்டில் ஓவியர் எஸ். ராஜம் பக்தியோடு உருவாக்கியது.

பாட்டு நிலைத்தால் போதாதா, உருவம் எதற்கு என்று கேட்கலாம். காரைக்குடி சகோதரர்களின் புகைப்படம் இதற்குப் பதில் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பத்தில் வந்த சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் நகரத்தார் ஆதரவில் காரைக்குடியின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள். தம்பியின் வீணை கிடையாக இருக்க, அண்ணனின் வீணை செங்குத்தாக நிமிர்ந்திருக்கிறது. குரு கற்பித்தது சீடர் கையில் வாழும் என்பது உண்மையே. 1952இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சாம்பசிவ ஐயர் கலாக்ஷேத்திரத்திலும் கற்பித்து அந்தப் பாணியை நிலைநிறுத்தினார். ஆயினும் இன்றைய மேடையில் நாம் காண்பது கிடைவீணைதான். அண்ணன் அமர்ந்த முறையைச் சீடர் வரிசை கடத்தவில்லை, படம் கடத்தியது. கேமராவுக்காக அமர்ந்த கோலம் எப்படிச் சான்றாகும் என்றால், முகத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம், பழகிய கை வாத்தியத்தைப் பிடிக்கும் விதத்தை எளிதில் மாற்ற முடியாது.

ஆகவே இசை வரலாறு சாகித்தியத்தோடும் ஒலிப்பதிவோடும் முடிந்துவிடாது. வித்வானின் உடலும் அதில் ஒரு பகுதி. செட்டிநாட்டு வளவுகளில் தொங்கும் பழைய கல்யாணப் படங்களில் நாதஸ்வரக்காரரோ வீணைக்காரரோ ஓர் ஓரத்தில் இருக்கக்கூடும். வீட்டை இடிக்கும்போதோ விற்கும்போதோ அந்தப் படங்களைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள்.