சதுரங்கப் பலகையும் 20 இலக்க எண்ணும்: முஸ்லிம் அறிஞர்கள் போட்ட கணக்கு

1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கங்கள் கொண்ட இந்த எண், ஒரு சதுரங்கப் பலகையில் பிறந்தது.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த ஸிஸ்ஸா இப்னு தாஹிரிடம் என்ன பரிசு வேண்டும் என்று மன்னர் கேட்டாராம். முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தந்தால் போதும் என்றாராம் அவர். இவ்வளவு அற்பமாகவா கேட்பது என்று நினைத்த மன்னரின் களஞ்சியமே போதவில்லை என்கிறது கதை.

இதை நம் வரலாற்று நூல்களில் பதிவு செய்தவர்களில் ஒருவர் டமாஸ்கஸ் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (ரஹ்) (இறப்பு: 1282). அவருக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. அலெக்ஸாந்திரியாவின் கணக்கர் ஒருவர் தாளில் போட்டுக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார். அந்தக் கணக்கின்படி 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அது 'கதஹ்' என்ற எகிப்திய அளவில் ஒன்று. 40ஆம் கட்டத்தில் ஒரு களஞ்சியம். 50ஆம் கட்டத்தில் ஒரு நகரம் நிறையக் களஞ்சியங்கள். 64ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள்!

அல்-பிரூனியின் குறுக்குவழி

973இல் பிறந்த அல்-பிரூனி, 'அல்-ஆஸாருல் பாகியா' நூலில் இதற்கு எளிய வழி காட்டினார். ஐந்தாம் கட்டத்தில் உள்ளது 16. அதை அதனாலேயே பெருக்கினால் 256. அது 9ஆம் கட்டம். மீண்டும் அவ்வாறே பெருக்க 65,536. அது 17ஆம் கட்டம். அடுத்து 429,49,67,296, அது 33ஆம் கட்டம். இன்னொரு முறை பெருக்கினால் பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தின் எண் வரும். அதில் ஒன்றைக் கழித்தால் மொத்தத் தொகை கிடைத்துவிடும்.

ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும்? ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளது, அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். இரட்டிப்பின் இரகசியமே இதுதான்.

எண்ணின் தன்மைகள்

இது பகா எண் அல்ல. 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417 ஆகிய ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன். இரும எண் முறையில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள். 64 பிட் கணினி ஒரே இடத்தில் வைக்கக்கூடிய மிகப்பெரிய குறியற்ற முழு எண்ணும் இதுவே.

ஒரு மணி 65 மில்லிகிராம் என்று கொண்டால், பாதிப் பலகைக்குச் சுமார் 280 டன் போதும். முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி டன். ஆண்டுக்கு 80 கோடி டன் என்ற இன்றைய உலக விளைச்சலில், அது 1,500 ஆண்டு அறுவடை!

நமக்கான பாடம்

மன்னர் ஏமாந்த இடத்தில்தான் கடன் வாங்குபவரும் ஏமாறுகிறார். மாதம் 'ஐந்து வட்டி'க்கு வாங்கிய 10,000 ரூபாயில், கட்டாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால், பதினைந்து மாதத்துக்குள் தொகை இரட்டிக்கும். ஆறு ஆண்டில் 3 லட்சத்து 35 ஆயிரத்தைத் தாண்டும். முதல் சில கட்டங்கள் சிறியவை என்பதால் நாம் பயப்படுவதில்லை.

பன்மடங்காகப் பெருகும் வட்டியைத் திருக்குர்ஆன் (3:130) தடை செய்திருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துச் சிந்திப்போம். கையெழுத்திடும் முன் ஒரு தாளை எடுத்து, அந்த அலெக்ஸாந்திரியாக் கணக்கரைப் போல் கடைசிக் கட்டம் வரை போட்டுப் பார்ப்போம். வட்டியின் பிடியிலிருந்து அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக!