கலைப் பேராசிரியரை எதைக்கொண்டு அளப்பது? கே.சி.எஸ். பணிக்கரை முன்வைத்து

நம் கலை வரலாறுகள் ஓவிய ஆசிரியரை அவர் வரைந்த ஓவியங்களைக் கொண்டே மதிப்பிடுகின்றன. கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிய எழுத்துகளிலும் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களே பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் சிறப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1957 முதல் 1967 வரை சென்னை அரசு கலை, கைத்தொழில் பள்ளியின் முதல்வராக இருந்தவர் என்ற முறையில் அவருடைய தலையாய படைப்பு எந்தச் சட்டகத்துக்குள்ளும் அடங்காது. தன் மாணவர்கள் ஓவியர்களாகவே வாழ்ந்து தீர்க்க அவர் வகுத்த பிழைப்பு வழிதான் அந்தப் படைப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பள்ளியின் தொடக்கம் இங்கே முக்கியம். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அது நெடுங்காலம் கைத்தொழில்களையே முதன்மையாகக் கற்பித்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்பேற்றபின் ஓவியமும் சிற்பமும் அதன் மையத்துக்கு வந்தன. அதனால் பயிற்சி உயர்ந்தது. பயின்றவர்களின் வருவாய்க்கு மட்டும் வழி பிறக்கவில்லை. 1950களின் இறுதியில் பட்டயத்தோடு வெளியே வந்த இளைஞருக்குச் சென்னையில் படம் வாங்குவோர் மிகச் சிலர்; காட்சிக்கூடங்களும் அப்படியே. நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர் வேலை, பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை, விளம்பர நிறுவனம் என்று கதவுகள் சிலவே திறந்திருந்தன. உள்ளே போனவர்களில் பலர் தூரிகையைக் கீழே வைத்தனர். பணிக்கருக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. குடும்பத்தைத் தாங்குவதற்காக இளமையில் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, வயது கடந்து இதே பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர் அவர்.

அவர் கண்ட வழி எளியது. வகுப்பு முடிந்த வேளையில் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் வேலையில் இறங்கினார்கள். விற்ற பணத்திலிருந்து ஒரு பங்கு பொதுவுக்குச் சேர்ந்தது. ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையை ஒட்டி வாங்கிய நிலத்தில் ஏறக்குறைய முப்பது பேரோடு சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசு மானியத்துக்குக் காத்திராமல், புரவலர் ஒருவரை நம்பாமல், தங்கள் கை உழைப்பைக் கொண்டே நிலத்தையும் கூரையையும் தேடிக்கொண்டார்கள். ராய் சௌத்ரி காலத்தில் ஓவியத்துக்குக் கீழே வைக்கப்பட்ட கைவினையைப் பணிக்கர் ஓவியத்துக்குச் சோறு போடும் துணையாக மீட்டார். பள்ளியின் ஒரு நூற்றாண்டுச் சிக்கலுக்கு அதன் முதல்வர் பள்ளிக்கு வெளியே தந்த விடை இது. நிர்வாகக் கோப்புகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சோழமண்டலம் ஊரைவிட்டு ஒதுங்கிய கிராமம், அங்கே உருவானது ஓவியர்களின் சமூகமே தவிரத் தமிழ்ச் சமூகத்தோடு உறவு கொண்ட ஒன்றல்ல என்பார்கள். இதில் பாதி உண்மை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபாதியைப் பணிக்கரின் உடன் ஆசிரியர் எஸ். தனபாலிடம் காண்கிறோம். மயிலாப்பூரில் பிறந்த இச்சிற்பி 1972 முதல் 1977 வரை அதே நிறுவனத்தின் முதல்வராக இருந்தார். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் அந்தப் பள்ளியில் சேர வழிகாட்டியவர் இவரே. பின்னாளில் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் சிற்றிதழ்கள் வழியாகவும் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு வரைந்த படங்கள் வழியாகவும் தமிழ் வாசகர் வீடுகளுக்குள் நுழைந்தன. காட்சிக்கூடத்தின் வாசலை ஒருநாளும் மிதிக்காதவர்கள் நவீன ஓவியத்தைக் கண்டது அந்தப் பக்கங்களில்தான். ஓர் ஆசிரியர் ஒரு கிராமத்து இளைஞனைக் கைப்பிடித்து உள்ளே சேர்த்ததன் பயன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

இன்றைய பல்கலைக்கழகம் இதை எப்படி எடைபோடும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தன. ஆய்வுக் கட்டுரைக்கும் நூலுக்கும் தனி வகை கிடைத்தது; சமூகப் பணியோ விரிவாக்கச் செயல்பாடு என்ற பெயரில் வேறொரு வகையின் ஓரத்தில் ஒடுங்கியது. 2018இல் விதிகள் மாறின. கட்டுரைகளை எண்ணும் பழக்கம் மாறவில்லை. பாட்டிக் துணி விற்று நிலம் வாங்கிய முதல்வருக்கு அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? அந்த அளவுகோல் ஓவியத் துறைக்குப் பொருந்தாது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழர் தலைமுறைகளாக வாழும் பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தை ஒட்டிய பகுதி இது. ஓவியம் கற்க இந்த நகரத்திலிருந்து சென்னைக்குப் போனவர்கள் உண்டு. 1939இல் பெங்களூரில் பிறந்த அல்போன்ஸோ அருள்தாஸ் பின்னர் அதே சென்னை நிறுவனத்தின் முதல்வராகவே உயர்ந்தார். மைசூரில் பிறந்து சோழமண்டலத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவ் அங்கிருந்து பெங்களூருக்குக் குடிவந்தார். இந்நகரிலும் எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் 1960இல் நிறுவிய சித்ரகலா பரிஷத், ஆர்.எம். ஹடபத்தின் கென் கலைப்பள்ளி என ஆசிரியர்கள் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் இருக்கின்றன. பரிஷத் 2003 முதல் நடத்தும் சித்ர சந்தையில் ஓவியர் தெருவில் அமர்ந்து வாங்குபவரிடம் நேரே விற்கிறார். ஓவியர் எப்படிப் பிழைப்பது என்ற பணிக்கரின் கேள்விக்கு இந்நகரம் தந்த பதில் அது. ஆனால் பரிஷத்தும் கென் பள்ளியும் குமாரகிருபா சாலை, சேஷாத்ரிபுரம் பக்கமே அமைந்துள்ளன. லிங்கராஜபுரம் ஹட்சின்ஸ் சாலையிலோ, என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத் திறனாளர் சங்கம் இயங்குகிறது. சமூகத்தோடு உறவு கொள்ள விரும்பும் கலைத் துறைகள் கைகோக்க இதைவிடத் தகுந்த இடம் வேறு எங்கே?

தனபாலின் வாழ்க்கை ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ என்று தமிழில் நூலாகியிருப்பதால்தான் அவருடைய ஆசிரியப் பணியைப் பற்றி இன்று பேச முடிகிறது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் பலரைப் பற்றி அப்படி ஒரு பக்கம்கூட இல்லை. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் உள்ள கலைத் துறைகள் அவர்களுடைய நினைவுகளை அவரவர் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்யும் வேலையை உடனே தொடங்க வேண்டும். யார் யாரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், யாருக்கு வேலை தேடித் தந்தார்கள், எந்த ஊரில் எதைக் கட்டினார்கள் என்பவையே அந்தப் பதிவில் கேட்கப்படும் முதல் கேள்விகளாக இருக்கட்டும்.