திறமூல ஃபயர்வால், வலையமைப்புக் கண்காணிப்புக் கருவிகள்: தேர்வு

ஃபயர்வால் உள் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையே நின்று, விதிகளின்படி போக்குவரத்தை அனுமதிக்கும் அல்லது தடுக்கும். கண்காணிப்புக் கருவி சாதனங்களின் நிலையைப் பதிந்து பழுதை அறிவிக்கும். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் தேர்வைத் தீர்மானிப்பது உரிமக் கட்டணத்தைவிட, பராமரிக்க ஆள் உண்டா என்பதே. ஃபயர்வால்களில், பிஎஃப்சென்ஸும், அதிலிருந்து கிளைத்து 2015இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸும் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மீது அமைந்தவை. உலாவி வழியே இயக்கலாம் என்பதால் கல்லூரி, மருத்துவமனைகளின் சிறு குழுக்களுக்கு ஏற்றவை. லினக்ஸின் என்எஃப்டேபிள்ஸ் கட்டளைவரி பழகியவர்களுக்கே.

அரியலூர்ப் பகுதியின் சிமென்ட் ஆலைகள் போன்றவற்றில் சூளையை இயக்கும் கட்டுப்பாட்டு வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரிப்பது முதல் வேலை; கருவியின் பெயர் அதற்குப் பிறகுதான்.

கண்காணிப்பில், சுவிட்ச், ரவுட்டர்கள் மட்டும் உள்ள இடத்துக்கு லிப்ரஎன்எம்எஸ் போதும். சர்வர்களும் பலவாக இருந்தால் லாத்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ் பொருந்தும். சேமிப்பு வட்டின் அளவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது; அதற்கேற்ற இடம் வட்டில் வேண்டும். இணைய இணைப்பே அறுந்தால் மின்னஞ்சல் எச்சரிக்கை வெளியே போகாது; குறுஞ்செய்தி அனுப்பும் சிம் மோடம் ஒன்று தனியே வேண்டும்.